கெர்மானைக் கண்ட கான்ஸல்



நம் கடைகளில் அன்றாடம் புழங்கும் சில சொற்களை எண்ணிப் பாருங்கள். தராசு என்கிறோம். ரசீது என்கிறோம். துணிக்கடைக்காரர் கெஜம் என்கிறார். வாடிக்கைக்காரரிடம் ‘விலை கம்மி’ என்கிறோம். இவை யாவும் பார்சி மொழியிலிருந்து வந்து நம் நாவில் தங்கிவிட்ட சொற்கள். பஜார் என்பதும் அப்படியே. ஷைகு ஸஅதியின் பெயரை மத்ரஸாவில் ஹஸ்ரத்மார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தப் பார்சி பேசும் நாட்டில், தலைநகரத்தை விட்டுத் தள்ளியிருக்கும் ஓர் ஊரில், நம்மைப் போன்ற ஒரு கடைக்காரன் எப்படிப் பிழைத்தான், யாருக்கு வரி கட்டினான், எதற்கு அஞ்சினான் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் வாய்மூடி இருக்க வேண்டியதுதான். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டு உலக யுத்தங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஈரானிய வெளியூர்களின் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விவரங்களில் பெரும்பங்கு பிரிட்டிஷ் கான்ஸல்கள் எழுதி வைத்தது. எனக்கு ஆங்கிலம் கடைக்கணக்கு மட்டும்தான். ஆகையால் படித்த நண்பர் ஒருவர் இஷாவுக்குப் பிறகு வாசித்துப் பொருள் சொல்ல, பல இரவுகள் கேட்டுக்கொண்டேன். கேட்டதை என் வியாபாரப் புத்திக்கு எட்டிய மட்டில் இங்கே எழுதுகிறேன்.

கான்ஸல் என்பவர் தூதர் அல்லர். தூதர் தெஹ்ரானில் ஷாவின் அரண்மனைக்கு அருகே இருப்பார். கான்ஸல் வெளியூரில் இருந்துகொண்டு தம் நாட்டுப் பிரஜைகளின் வழக்கு, பாஸ்போர்ட், சரக்கு, கடன் பாக்கி, இறந்தவர் சொத்து ஆகியவற்றைக் கவனிப்பவர். அத்துடன் ஊர் நடப்பைக் குறித்து மேலிடத்துக்கு அனுப்புவதும் அவர் வேலை. தப்ரீஸ், இஸ்ஃபஹான், ஷீராஸ் போன்ற ஊர்களுக்கு லண்டன் வெளிநாட்டு இலாகா ஆள் அனுப்பிற்று. கெர்மான், மஷ்ஹத், ஸீஸ்தான், வளைகுடாவின் புஷஹர் ஆகிய இடங்களுக்கோ இந்திய சர்க்காரின் உத்தியோகஸ்தர்களே போனார்கள். அங்கே பிரிட்டிஷ் பிரஜைகள் என்று இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். கெர்மானில் சிந்து தேசத்து ஷிகார்பூர் ஹிந்து வர்த்தகர்களுக்கென்று தனிச் சத்திரமே இருந்தது. மஷ்ஹதுக்கு இந்தியாவிலிருந்து ஷியா யாத்ரீகர்கள் போய்வந்தார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் கிளார்மாண்ட் ஸ்கிரைன். முதல் யுத்தத்தின்போது கெர்மானில் வைஸ் கான்ஸலாக இருந்தார். 1922 முதல் 1924 வரை சீனத்துக் கஷ்கரில் கான்ஸல் ஜெனரல். 1920களின் இறுதியில் ஸீஸ்தான், காயின் பகுதிகளுக்குக் கான்ஸல். 1930களின் பிற்பகுதியில் நம் பக்கத்துக்கே வந்து, திருவிதாங்கூர், கொச்சி, புதுக்கோட்டை ஆகிய சமஸ்தானங்களைக் கவனிக்கும் சென்னை ரெஸிடெண்டாக இருந்தார். புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த நம் மூத்தவர்கள் அக்காலத்தில் அவர் பெயரைக் கேட்டிருக்கக்கூடும். பின்பு மறுபடி ஈரான். 1962இல் தம் ஈரான் அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார். அந்த மனிதரைக் கட்டுரையின் கடைசியில் மறுபடி சந்திப்போம்.

கெர்மான் ஈரானின் தென்கிழக்கில் பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கிறது. மலையடியில் கிணறு வெட்டி, பூமிக்கடியில் பல மைல் சுரங்கம் தோண்டி, அதன் வழியே தண்ணீரைச் சரிவாக ஊருக்குக் கொண்டுவருவார்கள். இதற்குக் கனாத் என்று பெயர். அந்தத் தண்ணீரில் பங்கு வைத்திருப்பவனே அங்கே பணக்காரன். கடைவீதி, வெயில் படாமல் வளைகூரை போட்ட நீண்ட பஜார். 1894ஆம் ஆண்டு வாக்கில் பெர்ஸி ஸைக்ஸ் என்பவர் அங்கே பிரிட்டிஷ் கான்ஸலேட்டை ஏற்படுத்தியபோது, கூடவே அவர் சகோதரி எல்லாவும் போனார். இந்த அம்மாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கான்ஸல்களின் அறிக்கைகளில் எனக்கு நம்பகமாகத் தோன்றிய பகுதி சரக்கும் விலையும் பற்றியது. அதை அவர்கள் எண்ணிப் பார்த்து எழுதினார்கள். எண்ணுவதும் எளிதல்ல. நிறுவை ஊருக்கு ஊர் வேறு. ‘மன்’ என்பது அவர்கள் எடை. நம் மணங்குக்கு உறவுக்காரச் சொல். தப்ரீஸ் மன் ஏறக்குறைய 3 கிலோ. ஷா மன் அதைப்போல் இரண்டு பங்கு. ரேய் மன் நான்கு பங்கு. விலை கேட்பவன் எந்த மன் என்று கேட்காமல் பேரம் பேசினால் அவன் கதி என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வியாபாரத்தில் இன்னொரு தராசும் இருந்தது. அது சமமாக நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒப்பந்தங்களின்படி அந்நிய நாட்டு வர்த்தகன் தன் சரக்குக்கு நூற்றுக்கு 5 வீதம் ஒரே முறை சுங்கம் கட்டினால் போதும். அந்நாட்டுக் குடிமகனான வர்த்தகனோ ஊருக்கு ஊர் வழிவரி கட்டிக்கொண்டு போனான். சுங்க விகிதங்கள் பின்னால் மாறின. ஆனால் வழக்கு என்று வந்தால் அந்நியப் பிரஜைக்கு இருந்த சலுகை நீடித்தது. அவன்மீது சாதாரண நீதிஸ்தலத்தில் வழக்காட முடியாது. வெளிநாட்டு இலாகாவின் ஏஜெண்ட் முன்னிலையில், கான்ஸலின் ஆளை வைத்துக்கொண்டுதான் விசாரணை. ஷிகார்பூர் ஷேட் ஒருவருக்கும் கெர்மான் வியாபாரி ஒருவருக்கும் பாக்கித் தகராறு என்றால், ஷேட்டின் பின்னால் ஒரு சாம்ராஜ்யம் நின்றது. கெர்மான்காரர் பின்னால் அவர் மச்சான்தான் நின்றார். 1921 பிப்ரவரியில் படையுடன் தெஹ்ரானுக்குள் புகுந்து, 1925இல் ஷாவாகிய ரிஜா கான், இந்தச் சலுகையை 1928 மே 10ஆம் தேதியோடு ரத்துச் செய்தார். கான்ஸல்களுக்கு இது கசப்பாக இருந்தது. அங்கே பஜாரில் கடை வைத்திருந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம்.

இனி கம்பளத்துக்கு வருவோம். கெர்மானின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது அதனால்தான். முன்காலத்தில் சால்வைக்குப் பெயர்போன ஊர் அது. சால்வைக்குக் கிராக்கி குறைந்த பிறகு கம்பளத் தறிகள் பெருகின. தறியின் முன்னே ஒருவன் வரைபடத்தைப் பார்த்து, எத்தனை முடிச்சு, என்ன வர்ணம் என்று ராகம் போட்டுச் சொல்லச் சொல்ல, பலகைமேல் வரிசையாக உட்கார்ந்தவர்கள் முடிச்சுப் போடுவார்கள். முதல் யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் பெரும் கிராக்கி. பிரிட்டிஷ், இத்தாலிய, அமெரிக்கக் கம்பெனிகள் கெர்மானில் ஆள் வைத்துத் தறிக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்துச் சரக்கு எடுத்தன.

அந்தப் பலகையில் உட்கார்ந்தவர்களில் பலர் குழந்தைகள். சிறு விரலுக்குச் சிறு முடிச்சு. ஈரம் படிந்த இருட்டறை. விடியற்காலை முதல் பொழுது சாயும் வரை மடக்கிய காலை நீட்ட வழியில்லை. எலும்பு வளைந்து, நடக்க மாட்டாத பிள்ளைகளை அவ்வூர் மிஷன் ஆஸ்பத்திரி வைத்தியர்கள் கண்டார்கள். பெண் குழந்தைகளின் இடுப்பெலும்பு கோணி, பின்னாளில் பிள்ளைப்பேற்றில் உயிருக்கு ஆபத்தானது. இந்தச் செய்தி கான்ஸலேட் வழியாகவும் மிஷன் வழியாகவும் வெளியே போய், ஜெனிவாவிலுள்ள சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் காதுக்கு எட்டியது. அதன்பின் 1923 டிசம்பரில் கெர்மான் கவர்னர் ஓர் உத்தரவு போட்டார். நாளுக்கு 8 மணி நேர வேலை. 8 வயதுக்குக் குறைந்த ஆண் பிள்ளையும் 10 வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளையும் தறியில் உட்காரக் கூடாது. ஈரமான நிலவறையில் தறி போடக் கூடாது. வெள்ளிக்கிழமை விடுமுறை.

வாசித்த நண்பர் இந்த இடத்தில் நிறுத்தி, ‘எட்டு வயது என்பதே சலுகையா?’ என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. என் சின்ன மகளுக்கு அப்போது ஒன்பது நடந்துகொண்டிருந்தது. உத்தரவு போட்டதனால் எல்லாத் தறியிலும் அது நடந்தது என்று எண்ண வேண்டாம். பின்வந்த விவரங்கள் அப்படிச் சொல்லவில்லை. 1929இல் அமெரிக்காவில் வியாபாரம் முறிந்தபோது அந்நியக் கம்பெனிகளில் பெரும்பாலானவை கையை உதறிக்கொண்டு போய்விட்டன. பிள்ளைகள் தறியை விட்டு இறங்கியது சட்டத்தாலா, கூலி கொடுக்க ஆளில்லாமலா என்பதை ஒவ்வொரு வீட்டிலும்தான் கேட்டிருக்க வேண்டும்.

இதில் கான்ஸலின் நிலையைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளின் துன்பத்தை எழுதியவர்களில் அவரும் உண்டு. அது நல்ல காரியம். அதே சமயம் அந்தக் கம்பளத்தை வாங்கிய கம்பெனிகளில் சில அவர் நாட்டுக் கம்பெனிகள். அவற்றின் வியாபாரம் தழைக்க வழி செய்வதும் அவர் உத்தியோகம். ஒரே பேனாதான் இரண்டையும் எழுதியது.

அடுத்தது தேயிலை. ஈரானியர்கள் கற்கண்டு போன்ற கட்டிச் சர்க்கரையை வாயில் வைத்துக்கொண்டு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் சாயா குடிப்பார்கள். ஏழையும் குடிப்பான், பணக்காரனும் குடிப்பான். 1925 மே மாதத்தில் சர்க்கரை, தேயிலை இரண்டையும் அரசாங்கம் தன் ஏகபோகமாக்கி வரி போட்டது. சர்க்கரைக்கு மன் ஒன்றுக்கு 2 கிரான், தேயிலைக்கு 6 கிரான். கிரான் அக்காலத்து வெள்ளி நாணயம். 1932இல் அதன் இடத்துக்கு ரியால் வந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு, வெளிநாட்டில் ஒரு காசு கடன் வாங்காமல், வளைகுடாவிலிருந்து காஸ்பியன் கடல் வரை 1,394 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டு 1938இல் முடித்தார்கள். கடன் வாங்காமல் கட்டினார்கள் என்பதை நாம் மெச்சித்தான் ஆக வேண்டும். கடன் கொடுத்தவன் வீட்டுக்குள் வந்து உட்காருவதை அந்நாடு முன்பே கண்டிருந்தது. ஆனால் அந்த ரயில் அஹ்வாஸ், கும், தெஹ்ரான் வழியாகப் போயிற்று. இஸ்ஃபஹான், ஷீராஸ், மஷ்ஹத், கெர்மான் எதையும் தொடவில்லை. கெர்மான்காரன் ஒவ்வொரு கிண்ணச் சாயாவுக்கும் பாதைக்குப் பணம் கட்டினான். அவன் ஊருக்கு ரயில் வந்தது 1970களில்.

ரயில் தொட்ட ஊரும் பிழைத்தது என்று சொல்ல முடியாது. முதல் யுத்தக் காலத்தில் இந்திய சர்க்கார் க்வெட்டா பக்கமிருந்து போடத் தொடங்கிய பாதை 1922இல் ஈரான் எல்லைக்குள் துஸ்தாப் என்ற இடத்தை எட்டியது. ஸ்கிரைன் கான்ஸலாக இருந்த ஸீஸ்தான் பக்கத்து வர்த்தகத்துக்கு அதுவே வாசல். பஞ்சாபிச் சீக்கியர்கள் கடை போட்டார்கள். வெறும் மணல் சந்தையாயிற்று. பெயரையும் பின்னால் ஸாஹிதான் என்று மாற்றினார்கள். தாடியும் தலைப்பாகையுமாக நின்ற சீக்கியர்களைப் பார்த்த ஷா, யார் இந்த ஸாஹிதுகள் என்று கேட்டதால் வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் நல்ல கதை. 1931இல் ஈரான் வெளிநாட்டு வியாபாரம் முழுவதையும் அரசாங்க ஏகபோகமாக்கி, சரக்கு ஏற்றுமதி செய்த சான்று இருந்தால்தான் இறக்குமதிக்கு அனுமதி என்று ஆக்கியது. 1932இல் எல்லைதாண்டி ஸாஹிதான் வரை ஓடிய ரயிலும் நின்றது. அனுமதிச் சீட்டு கொடுக்கும் மேஜை தெஹ்ரானில் இருந்தது. அங்கே ஆள் பழக்கம் உள்ளவன் கம்பெனி வைத்தான். வெளியூர்ச் சில்லறை வியாபாரி கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

இந்த ஷாவின் ஆட்சியில் நன்மை இல்லையா என்றால், உண்டு. முன்பு ஒட்டகச் சாத்து கடற்கரையிலிருந்து கெர்மான் போய்ச் சேர்வதற்குள் எத்தனை கோத்திரத்தாருக்குக் காணிக்கை வைக்க வேண்டும் என்பதற்குக் கணக்கில்லை. அந்தக் கொள்ளையை அவர் படை அடக்கியது. ரஸ்தாக்கள் வந்தன, லாரிகள் ஓடின. இதைக் கான்ஸல்களும் ஒப்புக்கொண்டே எழுதினார்கள்.

இதுவரை சொன்னவை வெளியே நின்று பார்க்கக்கூடியவை. இனி உள்ளே இருப்பவை.

1928 டிசம்பர்ச் சட்டப்படி ஆண்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் கோட்டும், முன்புறம் விளிம்பு வைத்த பஹ்லவித் தொப்பியும் அணிய வேண்டும் என்றாயிற்று. 1935இல் அதுவும் போய் ஐரோப்பியத் தொப்பி வந்தது. தொப்பி விளிம்போடு ஸஜ்தாவில் நெற்றி எப்படித் தரையில் படும் என்பது ஜனங்களின் கேள்வி. அந்த 1935 ஜூலையில் மஷ்ஹத் கவ்ஹர்ஷாத் பள்ளிவாசலில் எதிர்ப்புத் தெரிவித்துக் கூடியவர்கள்மேல் பட்டாளம் சுட்டது. எத்தனை பேர் ஷஹீதானார்கள் என்பதில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத கணக்குகள் உள்ளன. மஷ்ஹதில் பிரிட்டிஷ் கான்ஸல் ஜெனரல் இருந்தார். ஆனால் இமாம் ரிஜா அவர்களின் தர்காவுக்கும் அதை ஒட்டிய அந்தப் பள்ளிவாசலுக்கும் முஸ்லிமல்லாதவர் அக்காலத்தில் நுழைய இயலாது. ஆகவே அவர் எழுதியது பிறர் வாய் கேட்டது. 1936 ஜனவரி 8ஆம் தேதி பெண்களின் முகத்திரைக்கும் சாதருக்கும் தடை வந்தது. சாதர் என்பது தலை முதல் கால் வரை மூடும் அவர்கள் மேலாடை. தெருவில் போலீஸ்காரர்கள் அதைப் பிடித்து இழுத்தார்கள். பல பெண்கள் மாதக்கணக்கில் வாசல் தாண்டவில்லை. வீட்டில் குளிக்கும் அறை இல்லாத ஊர்களில், பொதுக் குளிப்பறைக்கு இரவில் மொட்டைமாடிக்கு மாடி தாண்டிப் போனவர்கள் உண்டு. கான்ஸல் தெருவைப் பார்த்து, பெண்கள் நடமாட்டம் குறைந்துவிட்டது என்று எழுதலாம். அந்தரூன் எனப்படும் உள்வீட்டில் என்ன நடந்தது என்று அவர் எப்படி எழுதுவார்? எல்லா ஸைக்ஸ் அம்மாளை நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். கெர்மான் உள்வீடுகளுக்குள் அவரால் போக முடிந்தது. அவர் சகோதரரால் முடியவில்லை. அந்த அம்மாள் 1898இல் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கும் உள்வீடுகள் கான்ஸல் அறிக்கைகளில் அகப்படா.

இன்னொன்றும் உண்டு. பள்ளிவாசலுக்குள் போகாத கான்ஸலுக்குப் பள்ளிவாசல் செய்தியைக் கொண்டுவந்தவர் யார்? பெரும்பாலும் அவரிடம் வேலை பார்த்த இந்திய முஸ்லிம் முன்ஷிகளும் குமாஸ்தாக்களும். மஷ்ஹத் கான்ஸலேட்டில் கான் பஹதூர் பட்டம் பெற்ற இந்திய முஸ்லிம்கள் உத்தியோகம் பார்த்தார்கள். ஜமாஅத்தோடு நின்று தொழுதுவிட்டு, வெளியே வந்து, கேட்டதைச் சொன்னவர்கள். எதைச் சொன்னார்கள், எதைத் தம் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு இந்தப் புத்தகங்களைக் கேட்கக் கேட்க எழுந்த கேள்வி. புத்தகத்தின் அட்டையில் அவர்கள் பெயர் கிடையாது.

என் கடைக்கு ஒரு சமயம் ஓர் அதிகாரி வந்தார். அரை மணி நேரம் இருந்தார். தராசைச் சோதித்தார், சாமான்களைப் புரட்டினார், பின்னறையை எட்டிப் பார்த்தார். எடை சரி, பின்னறையில் காற்றோட்டம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். இரண்டும் உண்மை. அந்தப் பின்னறையில் நான் பதினொரு வருஷம் படுத்தெழுந்து இரண்டு தம்பிமாரைப் படிக்க வைத்தேன். அது அவர் தாளில் ஏறவில்லை. ஏற இடமும் இல்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருப்பேனா? ‘ஆமாம் துவான், ஜன்னல் வைக்கிறேன்’ என்றுதான் சொல்லியிருப்பேன். கெர்மான் பஜார்க்காரனும் கான்ஸலிடம் அப்படித்தானே பேசியிருப்பான்? இது தோன்றிய பிறகு, அடுத்த இரவுகளில் நண்பர் வாசிக்கையில், எண்ணிச் சொன்னது எது, எட்டிப் பார்த்துச் சொன்னது எது, கேட்டுச் சொன்னது எது என்று பிரித்துக் கேட்கத் தொடங்கினேன். முதலாவது வகையில் சந்தேகம் குறைவு. ஈரானியர்கள் சோம்பல், தந்திரம், சொன்ன சொல் தவறுவார்கள் என்றெல்லாம் அக்கால வெள்ளைக்காரர் புத்தகங்களில் வருகிறதே, அது கடைசி வகையிலும் சேராது. அது வரும்போதே பெட்டியில் கொண்டுவந்தது.

ஸ்கிரைனிடம் திரும்புவோம். 1941 ஆகஸ்டில் பிரிட்டிஷ், ரஷ்யப் படைகள் ஈரானுக்குள் புகுந்தன. செப்டம்பர் 16ஆம் தேதி ரிஜா ஷா முடி துறந்தார். தெற்கே இஸ்ஃபஹான், யஸ்து வழியாகக் கெர்மான் வந்து, அங்கே ஒரு வர்த்தகரின் தோட்ட வீட்டில் சில நாட்கள் தங்கினார். ஆம், அவர் ரயில் கொடுக்காத அதே கெர்மான். பிறகு பந்தர் அப்பாஸில் ‘பந்த்ரா’ என்ற கப்பலில் குடும்பத்தோடு ஏறினார். பம்பாயில் இறங்கலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் இறங்க விடவில்லை. இந்திய சர்க்கார் அனுப்பிய ஓர் உத்தியோகஸ்தர் கப்பலுக்குப் போய், இங்கே இறங்க அனுமதியில்லை, மொரீஷியஸ் தீவுக்குப் போக வேண்டும் என்று சொன்னார். அவர்தான் ஸ்கிரைன். தாங்கள் வைத்ததே சட்டம் என்று பதினாறு வருஷம் இருந்தவரிடம் அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு, வேறு கப்பலில் மொரீஷியஸ் வரை அவரே கூடவும் போனார். ரிஜா ஷா அங்கிருந்து தென்னாப்பிரிக்கா போய், 1944 ஜூலை 26ஆம் தேதி ஜோஹன்னஸ்பர்க்கில் வஃபாத்தானார். ஈரானில் அவர் நீங்கியவுடனேயே பல பெண்கள் சாதரை மறுபடி எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

ஸ்கிரைன் 1942இல் கான்ஸல் ஜெனரலாக மஷ்ஹத் போனார். அந்த வருஷம் நாடெங்கும் ரொட்டித் தட்டுப்பாடு. பேச்செல்லாம் கோதுமை விலையைப் பற்றித்தான்.